பட்டினியும் பனியும் ஒரு விளையாட்டில்

பிள்ளைகள் கணனியின் முன் அமர்ந்தால் பெற்றோராகிய நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். 'மூடிவிட்டுப் படி' என்று அதட்டுகிறோம். அல்லது, வெளியே அலையாமல் வீட்டுக்குள் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். திரையில் என்ன நடக்கிறது என்று அருகிலிருந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே இம்முறை ஒரு விளையாட்டின் நிறைகுறைகளை ஆராய்வோம்.

அதன் பெயர் 'டோன்ற் ஸ்ரார்வ்'. 'பட்டினி கிடவாதே' என்பது பொருள். கனடாவின் வன்கூவர் நகரைச் சேர்ந்த 'கிளெய்' என்ற சிறு நிறுவனம் 2013இல் இதனை வெளியிட்டது. வில்சன் என்பவன் ஆளில்லாத காட்டில் வெறுங்கையுடன் விடப்படுகிறான். புல்லும் சுள்ளியும் சேர்த்து, கல்லெடுத்துக் கோடரி செய்து, விறகு வெட்டி, இருட்டும் முன் தீ மூட்ட வேண்டும். தீ இல்லையேல் இருளில் உள்ள ஏதோவொன்று அவனைத் தாக்கும். வயிறு, உடல்நலம், மனநிலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. மனநிலை மிகவும் குன்றினால் நிழலுருவங்கள் தோன்றித் தாக்கத் தொடங்கும்.

முதலில் நிறைகளைச் சொல்வோம். ஏறத்தாழ இருபதாம் நாள் குளிர்காலம் வருகிறது. அதன் பின் செடிகள் காய்ப்பதில்லை. சேர்த்த உணவும் நாட்செல்லப் பழுதாகும். எனவே இறைச்சியை உலர்த்தி வைக்கவும், குளிருக்கு உடை தேடவும், தீயில் சூடேற்றிக் கையில் வைத்திருக்கக் கல் ஒன்று செய்யவும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இன்றைக்குக் கிடைத்ததை இன்றைக்கே தீர்ப்பவன் தப்புவதில்லை. முதற் பனிக்காலத்தைக் கண்ட எம்மவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

2016இல் வெளிவந்த 'டோன்ற் ஸ்ரார்வ் ருகெதர்' என்பதில் பலர் சேர்ந்து விளையாடலாம். அதில் இறந்தவரை மீட்க ஓர் இதயம் செய்ய வேண்டும். அதைச் செய்பவர் தமது உடல்நலத்தில் ஒரு பங்கை இழக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் வாயால் சொல்லும் பல அறிவுரைகளிலும் இது மேலானது.

இனிக் குறைகள். தனியாக விளையாடும்போது, மீண்டெழ வழி எதுவும் தேடி வைக்காத நிலையில் இறந்தால், கட்டிய அனைத்தும் அழிந்துவிடும். அங்கே ஒரு நாள் என்பது எமது 8 நிமிடம். முதற் குளிர்காலம் முடிய 35 நாட்கள் என்று கொண்டால், 4 மணி 40 நிமிட உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். மறுபடியும் அதே புல், அதே சுள்ளி. அந்த ஆத்திரத்தில் 'இன்னும் ஒருமுறை' என்று பிள்ளை நள்ளிரவு வரை இருப்பதற்கும் இதுவே காரணம். எப்படி விளையாடுவது என்று சொல்லித்தருவாரும் இல்லை. பலமுறை இறந்தே கற்க வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இது ஏற்றதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பசியையும் விளக்கில்லாத இரவையும் நேரில் கண்ட பிள்ளைகள் எமது வீடுகளில் உண்டு. ஒரு பிள்ளைக்கு இந்த விளையாட்டு, 'இம்முறை நான் தப்பிவிட்டேன்' என்ற தெம்பைத் தரலாம். மற்றொரு பிள்ளைக்கு அதுவே பழைய அச்சத்தைக் கிளறலாம். விளையாட்டுப் பெட்டியில் உள்ள வயதுக் குறிப்பு இதனைச் சொல்லாது. பிள்ளையின் முகத்தையும் உறக்கத்தையும் பார்த்து நாம்தான் அறிய வேண்டும். உறக்கம் கெடுகிறது என்றால், தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

எமது ஆலோசனை இதுதான். இரவில் வேண்டாம். சனி, ஞாயிறு பகலில் நேரம் குறித்துக் கொடுங்கள். விளையாட்டை விட்டு வெளியேறும்போது அது சேமித்துக்கொள்ளும். எனவே சாப்பிட அழைத்தால், 'இப்போது விட முடியாது' என்ற சாட்டை ஏற்க வேண்டாம். அரை மணி நேரமாவது அருகில் இருந்து, 'இது என்ன, ஏன் இப்படிச் செய்கிறாய்?' என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தமிழிலேயே விளக்கட்டும். குளிருக்கு முன் என்ன சேர்க்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும். அதைக் கேட்கப் பிள்ளைக்கும் அப்போது மனம் இருக்கும்.