தம்புரா ஏன் விம்முகிறது?

கச்சேரி தொடங்க இன்னும் பத்து நிமிடம். திரைக்குப் பின்னால் ஒருவர் தம்புராவோடு காதை ஒட்டி வைத்து, பிருடையை மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டிருக்கிறார். ‘எப்பம்மா பாட்டு ஆரம்பிக்கும்?’ என்று முன்வரிசைக் குழந்தை சிணுங்குகிறது. இங்கே பிசகினால் கச்சேரி முழுக்கப் பாடகர் சுருதியைத் தேட வேண்டியதுதான். சரி, அவர் காதில் எதைத் தேடுகிறார்?

தம்புராவின் நடுத் தந்திகள் இரண்டும் ஒரே ஷட்ஜம். ஒன்று வினாடிக்கு 200 முறையும் மற்றது 203 முறையும் அதிர்ந்தால், இரண்டு ஒலிகள் தனித்தனியே கேட்காது. ஒரே ஒலி வினாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். ‘வொய்ங்... வொய்ங்...’ பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘விம்மல்’. அழகான பெயர்தான்!

ஒலி, காற்றை நெருக்கியும் விலக்கியும் போகும் அலை. இரண்டு தந்திகளும் ஒன்றாக நெருக்கினால் சத்தம் கூடும். ஒன்று நெருக்கும்போது மற்றது விலக்கினால் சத்தம் குறையும். இரண்டும் சம வலுவாக இருந்தால் ஒரு கணம் ஏறக்குறைய நிசப்தம்!

சிக்கல் எங்கே என்றால், விம்மல் தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. 203-க்கும் மூன்றுதான், 197-க்கும் மூன்றுதான். ஆகவே துணிந்து ஒரு பக்கம் திருகிப் பார்க்க வேண்டும். விம்மல் வேகமெடுத்தால் தப்பான பக்கம். மெதுவானால் சரி. மூன்று, இரண்டு, ஒன்று... பிறகு சோம்பலாக எப்போதோ ஒன்று. இந்தக் கட்டத்தில் பிருடையை விட்டுவிட்டு, தந்தியில் கோத்த மணியைத்தான் நகர்த்துவார்கள்.

செல்போன் செயலி போதாதா? கிட்டத்தில் கொண்டுவந்துவிடும். ஆனால் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ‘ஜீவா’ என்ற நூல் இருப்பதால், தம்புராவில் ஆதார ஒலியின் பல மடங்கு ஒலிகளும் பளிச்சென்று கேட்கும். அடியில் வினாடிக்கு 0.1 அதிர்வுதான் வித்தியாசம் என்றாலும், பத்தாவது மடங்கில் அது வினாடிக்கு ஒரு விம்மல். பழகிய காது அதைப் பிடித்துவிடும்.

எல்லா ஊரிலும் விம்மலை இப்படி விரட்டுவதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில், காமெலான் குழுவின் வெண்கல வாத்தியங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றைச் சற்றே ஏற்றியும் ஒன்றைச் சற்றே இறக்கியும் வேண்டுமென்றே செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது ஒலி மினுங்கி அதிரும். அந்த விம்மலுக்கு அங்கே பெயர் ‘ஓம்பாக்’. அலை என்று பொருள்.