கம்பி தானாக அறுவதில்லை

2023 நவம்பர் 19 அன்று விடியற்காலையில், பெங்களூருவின் காடுகோடிப் பகுதியில், ஊரிலிருந்து திரும்பி வீடு நோக்கி நடந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் ஒருவர் நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்தார். கையில் ஒன்பது மாதக் குழந்தை. தாயும் மகளும் இறந்தனர்; காப்பாற்ற முனைந்த கணவர் காயமுற்றார். இத்தகைய இறப்புகளை அறிவிக்கும் செய்திகளுக்கு நெடுநாளாக ஒரே வாய்பாடு உண்டு: "மின்கம்பி அறுந்து விழுந்ததில் பலி". இந்தச் சொற்றொடரைத்தான் முதலில் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

'அறுந்தது' தன்வினை; செய்தவர் யாரெனக் கேட்க இடந்தராத வினை. 'அறுத்தது' என்றால் உடனே எழுவாய் வேண்டியிருக்கும். இந்தியில் 'டூட்னா', 'தோட்னா' என்னும் இணையும் இதே வேலையைச் செய்கிறது. கன்னடத்தில் 'துண்டாகி' என்றால் போதும். கம்பி தானே துண்டாக 'ஆகி'விடும். மொழிகள் மீது பழியில்லை, அவை இரண்டு வழியையும் திறந்தே வைத்திருக்கின்றன. கம்பியை எவரும் அறுக்கவில்லை, ஆகவே தன்வினையே பொருத்தம் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் மறக்கும் இலக்கணம் ஒன்று: 'மாற்றவில்லை' என்னும் எதிர்மறை வினைக்கும் எழுவாய் உண்டு. அந்த எழுவாய்தான் செய்தியிலும் அறிக்கையிலும் காணாமற் போகிறது.

கம்பி எவ்வாறு முதுமையடைகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. எஃகு நடுவிழையைச் சுற்றி அலுமினிய இழைகள் முறுக்கப்பட்ட வெற்றுக்கம்பியே நம் நகரங்களின் தலைக்குமேல் பெரும்பாலும் ஓடுகிறது. நகரம் வளர வளர அதில் பாயும் மின்னோட்டம் கூடுகிறது; வெப்பம் ஏறுகிறது; அலுமினியம் வலுவிழக்கிறது. இணைப்புகளில் துரு ஏறி மின்தடை மிகுந்து அவ்விடம் மேலும் சூடாகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. இவை பல மாதங்களாக, சில வேளை பல ஆண்டுகளாக நடப்பவை; வெப்பப்படக் கருவி கொண்டு பார்த்தால் சூடேறிய இணைப்பு தெளிவாகத் தெரியும். இறுதியில் அறுந்த கம்பி உலர்ந்த தார்ச்சாலையில் விழும்போது நிலத்துக்குள் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கலாம். துணைமின் நிலையத்து ரிலே அதைப் பழுதென்று உணராது, பிரேக்கர் விழாது, கம்பி உயிரோடு கிடக்கும். மின்வழங்கலின் தரத்தை நாம் அளப்பதோ தடைப்பட்ட நிமிடங்களையும் தடைகளின் எண்ணிக்கையையும் கொண்டு. பிரேக்கர் விழாத வரை துணைமின் நிலையப் பதிவேட்டின்படி எல்லாம் நலமே.

(11 கிலோவோல்ட் பாதை பகிர்மானத்தைச் சேர்ந்தது, 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும்தான் மின்செலுத்தம் என்று பொறியாளர்கள் திருத்தக்கூடும். திருத்தம் சரியானது. நடைபாதையில் செல்பவருக்கு அதனால் பயனில்லை.)

அடுத்து 'ஆயுள்' என்னும் சொல். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் மின்செலுத்தப் பாதையின் பயனுறு ஆயுளை 35 ஆண்டுகள் எனக் கொண்டன. இது கணக்கரின் ஆயுள். தேய்மானத்தைக் கழிப்பதற்கான அளவு. கடற்காற்றில் நிற்கும் கம்பிக்கும் உள்நாட்டில் நிற்கும் கம்பிக்கும் அதே 35. முதலீட்டுக்கு உறுதியான ஈவும் பராமரிப்புக்கு வரம்பிட்ட தொகையும் தரும் கட்டணமுறையில், பழைய பாதையைப் பேணுவதைவிடப் புதியதை அமைப்பதே நிறுவனத்துக்கு இலாபம். பழைய கோபுரங்களிலேயே உயர்வெப்பம் தாங்கும் கம்பியை ஏற்றினால் கூடுதல் நிலமின்றி மின்திறனைக் கணிசமாக உயர்த்தலாம். ஆனால் அதற்குத் திறப்பு விழா கிடையாது. புதைவடத் திட்டங்களுக்கு உண்டு. புதைவடம் வேண்டாம் என்பதல்ல வாதம். எந்தத் தெருவில் முதலில் புதைப்பது என்பதை எது தீர்மானிக்கிறது என்பதே கேள்வி. கம்பியின் நிலையா, தெருவின் செல்வாக்கா?

நீதிமன்றம் இந்த எழுவாயை எப்போதோ கண்டெடுத்துவிட்டது. 1997இல் மழைநீர் தேங்கிய சாலையில் மிதிவண்டியில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர் அறுந்து கிடந்த கம்பியால் மாண்டார். யாரோ திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததே காரணம் என்று வாரியம் வாதிட்டது. 2002இல் மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் ஷைல் குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவர், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும், பொறுப்பேற்க வேண்டும் என்றது. அத்தீர்ப்பு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், ஆண்டுதோறும் மின்தாக்குதலால் இறக்கும் 12,000க்கு மேற்பட்டோரைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணும் ஏட்டின் பெயர் 'இந்தியாவில் தற்செயல் மரணங்களும் தற்கொலைகளும்'. எல்லா மின்சாவும் கம்பியால் நேர்வதன்று. ஆயினும் கம்பியால் நேர்ந்ததும் அந்தத் 'தற்செயலுக்குள்' கரைந்துவிடுகிறது.

ஆய்வுலகமும் இதில் தூய்மையானதன்று. உள்கட்டமைப்பு பழுதடையும்போதுதான் கண்ணுக்குப் புலப்படுகிறது என்னும் சூசன் லீ ஸ்டாரின் கருத்து கருத்தரங்குக் கட்டுரைகளில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. அவரே அது யாருக்கு உள்கட்டமைப்பு என்று கேட்கச் சொன்னவர். ஓதுவோர் அந்தப் பாதியை விட்டுவிடுகின்றனர். கம்பம் ஏறும் லைன்மேனுக்கு அது நாள்தோறும் புலப்படுகிறது. எந்த இணைப்பு இரவில் பொறி சிந்துகிறது என்பது அவருக்குத் தெரியும், அந்தத் தெருவின் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். விபத்துக்குப் பின் முதலில் பணியிடை நீக்கம் செய்யப்படுவோர் வரிசையிலும் களப்பணியாளர்தான் வருகிறார். கம்பி மாற்றும் செலவை ஆண்டாண்டாகத் தள்ளிவைத்த கோப்பின் கையொப்பம் வருவதில்லை.

பணமில்லை, கட்டணம் உயரும் என்பது வழக்கமான மறுமொழி. ஒரே ஆண்டில் நகரமெங்கும் கம்பி மாற்ற எவரும் கேட்கவில்லை. பட்டியல் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு ஃபீடரிலும் கம்பி ஏற்றப்பட்ட ஆண்டு, கம்பியின் வகை, போடப்பட்ட ஒட்டுகள், கடைசி வெப்பப்படச் சோதனையின் நாள், மாற்றக் கோரிய கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்னும் விவரம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு விபத்து குறித்த அறிவிப்பையும் விசாரணையையும் வகுத்திருக்கிறது. அந்த விசாரணை அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வருவது அரிது. கர்நாடகத்தில் விசாரிக்கும் மின் ஆய்வுத்துறையும் விசாரிக்கப்படும் நிறுவனங்களும் ஒரே எரிசக்தித் துறையின் கீழ் இருக்கின்றன. அறிக்கையை வெளியிடட்டும், அதன் முதல் வாக்கியம் 'கம்பி' என்று தொடங்காமல், அதை மாற்றியிருக்க வேண்டிய அலுவலகத்தின் பெயரில் தொடங்கட்டும்.