வேகமா ஓட்டுற தம்பிக்கு மெதுவா ஓட்டத் தெரியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கேசுவாலிட்டி டூட்டி.

19 வயசுப் பையன் ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தாங்க. பைபாஸில் வீலிங் பண்ணும்போது வண்டி பின்னாடி மல்லாந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஹெல்மெட் இருந்ததாம், வீட்டில். கூட வந்த நண்பன்தான் வீடியோ எடுத்தவன்.

ஸ்லாப் போட்டு முடிக்கும்போது அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இனிமே வண்டியையே தொடக்கூடாதுன்னு நீங்களே சத்தியம் வாங்குங்க சார். நாங்க சொன்னா கேக்க மாட்டான்."

நான் சத்தியம் வாங்கவில்லை. காரணம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த நீளமான இழை.

பையன் சொன்னான்: "சார், எனக்கு பேலன்ஸ் சூப்பரா வரும். நேத்து வரைக்கும் விழுந்ததே இல்ல."

"சரி தம்பி. முதல் கியரில், நடக்கிற வேகத்தில், காலைக் கீழே வைக்காம, நம்ம ஓபி வாசலில் ஒரு எட்டு போடுவியா?"

பதில் இல்லை. ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டப்போ ரெண்டு தடவை கால் வெச்சேன் என்று அப்புறம் ஒத்துக்கிட்டான்.

நண்பர்களே, நம் ஊரில் வண்டி ஓட்டும் எல்லாரும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு விளையாட்டின் பாலபாடத்தைத் தொட்டுவிட்டு வருகிறோம். அந்த எட்டுதான் அது. விளையாட்டின் பெயர் ட்ரையல்ஸ்.

ரேஸ் மாதிரி முதலில் வருபவர் ஜெயிக்கும் விளையாட்டு அல்ல இது. பாறை, ஓடை, சேறு, மரவேர், செங்குத்தான மேடு என்று ஒரு சின்ன பாதையை நாடா கட்டிக் குறித்திருப்பார்கள். அதுக்கு செக்‌ஷன் என்று பெயர். காலை ஊன்றாமல் அதைக் கடக்கணும். கால் வைக்காமல் போனால் 0. ஒரு தடவை வைத்தால் 1, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை வைத்தாலும் 3. விழுந்தாலோ பாதையை விட்டு வெளியே போனாலோ 5. கடைசியில் யாருக்கு மதிப்பெண் குறைவோ அவரே வெற்றியாளர்.

வண்டி நின்றாலே 5 என்று வைத்திருக்கும் விதியும் உண்டு.

நான் இதை முதலில் பார்த்தது இங்கிலாந்தில். பிளாப் இரண்டாம் தேர்வு எழுத மான்செஸ்டர் போயிருந்தேன். (போனேன், எழுதினேன், திரும்பி வந்து அரசுப் பணியிலேயே இருந்துவிட்டேன். அது வேறு கதை.) அங்கே வேலை செய்யும் என் பேட்ச்மேட் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்க்‌ஷயர் பக்கம் ஒரு பண்ணை நிலத்துக்குக் கூட்டிப் போனான். உள்ளூர் கிளப் போட்டி.

பைக் போட்டி என்றதும் சத்தமும் புகையும் எதிர்பார்த்துப் போனேன். அங்கே ஓடைக்குள் பத்துப் பேர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து கொண்டிருந்தார்கள். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் வழுக்கும், முன் சக்கரத்தை எங்கே வைப்பது என்று பார்க்கிறார்கள். பத்து நிமிஷம் பார்க்கிறார்கள், அப்புறம் வண்டியில் ஏறி அரை நிமிஷத்தில் முடிக்கிறார்கள்.

அறுபது வயசைத் தாண்டிய தாத்தா ஒருவரும் பத்து வயசுப் பெண் குழந்தை ஒன்றும் அதே ஓடையில். குழந்தைக்குச் சுலபமான வழி, தேர்ந்தவர்களுக்குக் கஷ்டமான வழி. பாறை மட்டும் ஒன்றே.

எனக்கு அன்றைக்கு ஒன்று உறைத்தது. நம் பையன்களுக்குத் தேவைப்படும் எல்லாமே இதில் இருக்கிறது. திறமையைக் காட்டலாம், நண்பர்கள் கைதட்டுவார்கள், வீடியோவும் எடுக்கலாம். எதிரில் லாரி மட்டும் வராது.

இப்போ டாக்டராக ஒரு கணக்கு. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 10 கிலோமீட்டர் வேகத்தில் விழுவதையும் 60இல் விழுவதையும் ஒப்பிட்டால், வித்தியாசம் 6 மடங்கு அல்ல, 36 மடங்கு. அந்த 36 மடங்கைத்தான் நான் வாராவாரம் ஸ்ட்ரெச்சரில் பார்க்கிறேன்.

ட்ரையல்ஸில் அடியே படாதா? படும். பொய் சொல்ல மாட்டேன். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று முந்திரிப்பருப்பு அளவில் ஒரு எலும்பு முறியும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டு, ஆறு மாசம் கழித்து வலியோடு வருபவர்கள் உண்டு. கட்டைவிரலின் அடிப்பக்கக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா, பத்து நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வாங்க. கணுக்கால், முழங்கால் அடிகளும் உண்டு. அதனால் ஹெல்மெட், கணுக்காலுக்கு மேலே ஏறும் பூட்ஸ், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் போட்டுத்தான் ஆகணும்.

சரி, வண்டிக்கு வருவோம். இன்பாக்ஸில் எல்லாரும் கேட்பது இதைத்தான்.

ட்ரையல்ஸ் வண்டியைப் பார்த்தால் ஏதோ பாதி செய்து விட்டுவிட்ட மாதிரி இருக்கும். சீட்டே கிடையாது, ஏன்னா முழுக்க நின்றுகொண்டே ஓட்டணும். டாங்க் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். எடை சுமார் 65இல் இருந்து 75 கிலோ. நம் ஸ்ப்ளெண்டரே 110 கிலோவைத் தாண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். டயரில் காற்று 5 பிஎஸ்ஐ அளவில்தான், பாறையைக் கவ்விப் பிடிக்க. ஓட்டுபவர் மணிக்கட்டில் ஒரு கயிறு இருக்கும். விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் அணைந்துவிடும்.

என் பேட்ச்மேட் செய்த தப்பைக் கேளுங்கள். ஆள் உயரம், கையில் காசும் இருந்தது. முதல் வண்டியே புத்தம் புதிய 300 சிசி. "வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்கிடுவோம்டா" என்றான். நம் ஊர்ப் புத்தி. இந்த வண்டிகளின் 300 சிசி இன்ஜின், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டாலே முன் சக்கரத்தை ஆகாயத்துக்குத் தூக்கும். உலகப் போட்டிக்காரருக்கு அது வரம். புதியவருக்கு, பயத்தில் கை இறுகும், கை இறுகினால் ஆக்சிலேட்டர் இன்னும் திருகும். மூன்றாவது வாரம் வேலியில் ஏற்றினான். வண்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, பத்து வருஷப் பழைய 250 ஒன்றை வாங்கினான். அதில்தான் ஓட்டவே கற்றுக்கொண்டேன் என்கிறான்.

ஆகவே, அங்கே வாழும் நம் மக்கள் யாராவது இதை வாசித்தால்: முதல் வண்டி செகண்ட் ஹேண்டாகவே இருக்கட்டும். எப்படியும் பாறையில் போடத்தான் போகிறீர்கள். பெரியவர்களுக்கு 250, ஒல்லியானவர்களுக்கும் பதின்வயசுக்காரர்களுக்கும் 125. 125இல் மேடு ஏற இன்ஜினை முறுக்கி, கிளட்சை விரலால் ஆடிக்கொண்டே இருக்கணும். கஷ்டம்தான், ஆனால் கிளட்சைக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் அது. பீட்டா, ஷெர்கோ, கேஸ்கேஸ், மான்டேசா, எது என்று சண்டை போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் எந்த பிராண்டுக்கு ஸ்பேர் கிடைக்குமோ அதை வாங்குங்கள்.

பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். கீழே குனிந்து இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள், அதில் இருக்கும் நெளிசல்தான் வண்டியின் உண்மையான வயசு. பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பின் சஸ்பென்ஷன் பேரிங் பேசும். ரேடியேட்டர் ஃபேன் சுத்துகிறதா? நடை வேகத்தில் காற்று வராது, ஃபேன் போனால் இன்ஜினும் போச்சு. கியரில் போட்டு கிளட்சைப் பிடிக்கும்போது வண்டி முன்னே இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

குழந்தைகளுக்கு மின்சார வண்டிகளே நல்லது. ஓசெட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி அதில் பெயர் வாங்கி, 2022இல் ட்ரையம்ப் அதை வாங்கியது. சத்தம் இல்லாததால் அக்கம்பக்கத்தில் சண்டையும் இல்லை.

எடைதான் எல்லாம் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சேமி மில்லர் என்ற மேதை 500 சிசி ஏரியல் வண்டியை வருஷக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி எடையைக் குறைத்து ஜெயித்துக் கொண்டிருந்தார். 1964இல் ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனிக்குப் போய், அவர்களோடு சேர்ந்து ஷெர்பா என்ற சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை அதில் ஜெயித்தார். கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அதோடு முடிந்தது.

அந்தக் கனமான வண்டிகளில் ஒன்றின் சொந்தக்காரர்கள்தான் நாம்! 1948இல் ராயல் என்ஃபீல்டு தன் புதிய புல்லட்டை இங்கிலாந்தில் முதலில் இறக்கியது ஒரு ட்ரையல்ஸ் போட்டியில். ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் அதே ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை என்ஃபீல்டில் ஜெயித்தார். 1955இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது, புல்லட் நம் ஊர்க்காரர் ஆனது. பண்ணையாருக்கும் போலீஸுக்கும் உரிய கம்பீர வண்டியாக நாம் பார்த்த புல்லட், காலை ஊன்றாமல் பாறை ஏறப் பிறந்தது. எனக்கு இது தெரிந்தபோது உண்மையிலேயே ஆச்சரியம்.

2019இல் அதன் நினைவாக புல்லட் ட்ரையல்ஸ் என்ற மாடல் வந்தது. பார்க்க அழகு. எடை 180 கிலோவுக்கு மேல். பெயரில் ட்ரையல்ஸ் இருக்கிறதே என்று பழையதைத் தேடி வாங்கி ஓடையில் இறக்கிவிடாதீர்கள். உங்கள் மேல் விழுந்தால் தூக்க நாலு பேர் வேணும்.

அப்போ நம் ஊரில் என்ன செய்வது? சாதாரண ஷோரூமில் ட்ரையல்ஸ் வண்டி கிடைக்காது. இறக்குமதி பற்றி அரசு டாக்டர் சம்பளத்தில் நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் இருக்கும் 100 சிசி வண்டி போதும். (டிவிஎஸ் எக்ஸ்எல் எடை இன்னும் குறைவு, ஆனால் கிளட்ச் லீவர் இல்லை. கற்க வேண்டியதே கிளட்சைத்தான். ஆர்எக்ஸ் 100 இன்று விற்கும் விலைக்கு அதைக் கல்லில் மோத மனசு வராது.)

நான் இரண்டு வருஷமாகச் செய்வது இதுதான். ஒரு நண்பரின் தென்னந்தோப்பு, அவர் அனுமதியோடு. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம். முதல் மாசம் வெறும் எட்டு, செங்கல் வைத்து ஒவ்வொரு வாரமும் சின்னதாக்கிக்கொண்டே. கிளட்சில் ஒரு விரல், பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை அடுத்த செங்கலில். அப்புறம் நின்றுகொண்டு அதே எட்டு. அப்புறம் தரையில் கிடத்திய ஒரு தென்னை மட்டை, பிறகு ஒரு மரத்துண்டு. இன்றைக்கும் மரத்துண்டில் மூன்றுக்கு ஒரு தடவை கால் வைக்கிறேன். 35 வயசில் இவ்வளவுதான் வருகிறது.

லைசென்ஸ் இல்லாத பசங்களுக்கு சைக்கிள். சைக்கிளை நிறுத்தி, பெடலில் நின்று, காலை ஊன்றாமல் அரை நிமிஷம். பைக் ட்ரையல்ஸில் 2007இலிருந்து உலகப் பட்டங்களை அள்ளும் ஸ்பெயினின் டோனி பூ சின்ன வயசில் சைக்கிள் ட்ரையல்ஸில் இருந்து வந்தவர்தான்.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பைக்கைத் தொடாதேன்னு சொன்னா உங்களுக்குத் தெரியாம தொடுவான்மா. கால் சேர்ந்ததும் என்கிட்ட அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். அவங்க முகத்தில் சந்தோஷம் இல்லை. டாக்டருக்கே புத்தி இல்லை என்று நினைத்திருக்கலாம். அந்தக் கோபம் நியாயம்தான், இரண்டு ராத்திரி வார்டு வராண்டாவில் படுத்தவர் அவர்.

நேற்று ரிவ்யூவுக்கு வந்தான். எக்ஸ்ரேயில் எலும்பு கூட ஆரம்பித்திருக்கிறது. வண்டி ஓட்ட இன்னும் பல மாசம் ஆகும் என்றேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"சார், அந்த எட்டு... எத்தனை அடி அகலத்துல போடணும்?"

ஆரம்பிக்க இருபது அடி, தம்பி.