காருக்கு ஸ்ட்ரட் பார்... வீட்டிலேயே மாட்டலாம், ஆனா அவசியமா?

பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்கு மேலே குறுக்காக, பளபளன்னு ஒரு கம்பி. ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. அதுதான் ஸ்ட்ரட் பார். 'அரை மணி நேரத்தில் நீங்களே மாட்டலாம், கார் ரேஸ் கார் மாதிரி திரும்பும்' என்கிறார்கள். முதல் பாதி பல கார்களுக்கு உண்மை. இரண்டாவது பாதியில்தான் சிக்கல்.

அது என்ன செய்யும்?

நம்ம ஊர் ஹேட்ச்பேக், செடான் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அந்த அமைப்பின் மேல்முனை, இன்ஜின் அறையின் இரு பக்கமும் உள்ள 'டவர்'களில் பொருந்தி நிற்கிறது. வேகமாக வளைவில் திரும்பும்போது இந்த டவர்கள் மிக லேசாக வளைந்து கொடுக்கும். இரண்டையும் இணைத்து அந்த அசைவைக் குறைப்பதுதான் பாரின் வேலை. அவ்வளவுதான். பள்ளத்தில் குலுங்குவதையோ, வளைவில் கார் சாய்வதையோ அது குறைக்காது.

மாட்டுவது எப்படி?

காரைச் சமதளத்தில் நிறுத்துங்க. ஜாக்கி வேண்டாம், எடை சக்கரத்தின் மேலேயே இருக்கட்டும். இன்ஜின் ஆறட்டும். உங்கள் மாடலுக்கே உரிய பாராகப் பார்த்து வாங்குங்க. டவரின் மேல் சுற்றிலும் உள்ள நட்டுகளைக் கழற்றி (பல கார்களில் மூன்று இருக்கும்), பாரின் தகட்டை உட்கார வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கணும். கடைசியில் பானெட்டை மெதுவாக மூடி, எங்கேயும் இடிக்கிறதான்னு பாருங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை: நடுவில் இருக்கும் நட்டைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கழன்றால் உயிருக்கே ஆபத்து. சில கார்களில் சுற்று நட்டுகளே இருக்காது, நடு நட்டு மட்டும்தான். அப்படி இருந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்க.

சரி, தேவையா?

ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓட்டுற காருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. நகர வேகத்தில் வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலையைப் பிடித்து நிற்பது டயர்தான், கம்பி இல்லை. ஒரு பக்கம் பலமாக இடிபட்டால், அந்த அடி பார் வழியாக மறுபக்க டவருக்கும் போக வாய்ப்பு உண்டு. வாரன்டி விதிகளையும் ஒருமுறை படிச்சிடுங்க.

கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்கில் ஓட்டுறவங்களுக்கு இது பயன்படலாம். மத்தவங்க முதலில் டயர் தேய்மானம், காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் புஷ் நாலையும் சரிபார்க்கட்டும். தேய்ந்த டயருக்கு மேலே மின்னுகிற கம்பி மாட்டுறது, ஒழுகுற கூரைக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரிதான்!