மாடித் தொட்டி மீனுக்கும் ஒரு பதிவுச் சீட்டு வேண்டும்

ஆடு வளர்ப்பவருக்கும் கோழி வளர்ப்பவருக்கும் அரசாங்கக் கணக்கில் ஓர் இடம் உண்டு. கால்நடைக் கணக்கெடுப்பின்போது கொல்லையில் கட்டியிருக்கும் ஒற்றைக் கறவை மாடும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறது. மொட்டை மாடியில் பத்துத் தொட்டிகளை வைத்து, கப்பியும் மோலியும் சண்டை மீனும் குஞ்சு எடுத்து விற்பவரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் என்று சொல்ல அவருக்குக் கடை இல்லை. மீன் பண்ணையாளர் என்று சொல்லக் குளம் இல்லை. பொழுதுபோக்காகத் தொடங்கி, வீட்டுச் செலவில் ஒரு பகுதியை மீனிலேயே சரிக்கட்டும் குடும்பங்கள் பல உண்டு.

சென்னை கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே கண்ணாடித் தொட்டியில் மின்னும் மீன்களில் ஒரு பகுதி, சுற்றுவட்டார வீடுகளின் மாடிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் பொரித்தவையே. இந்த வீட்டு வளர்ப்பாளர்களை எளிய ஒரு பதிவுக்குள் கொண்டுவருவது அவர்களுக்கும் நல்லது, ஊர் ஏரி குளங்களுக்கும் நல்லது. ஆனால் பதிவு, உரிமம் என்ற சொற்களைக் கேட்டாலே இத்தொழிலில் உள்ளவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு.

2017இல் நடந்தது

2017ஆம் ஆண்டு மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை வெளியிட்டது. கடைகள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், முழுநேர மீன் மருத்துவ நிபுணர் இருக்க வேண்டும், கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக்கூடாது, 158 வகை மீன்களை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்று அவை கூறின. வணிகர்களும் வளர்ப்பாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டின் இறுதியில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

அந்த விதிகளில் நல்லவையும் இருந்தன. செயற்கைச் சாயம் ஏற்றிய மீனை விற்கக்கூடாது என்றது சரியே. கிண்ணத்தில் மீன் வைப்பது மீனுக்குத் துன்பம் என்பதிலும் ஐயமில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. நூறு தொட்டி வைத்திருக்கும் கடைக்கும் நான்கு தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் ஒரே அளவுகோலால் அளக்கப் பார்த்தார்கள். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு மீன் விற்பவர் முழுநேர நிபுணருக்குச் சம்பளம் கொடுக்க எங்கே போவார்?

விதிகள் போயின. அவற்றின் இடத்தில் சிறு வளர்ப்பாளருக்கு ஏற்ற எளிய முறை வரவில்லை. 2018இல் வந்த செல்லப் பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், கூண்டுப் பறவை போன்றவற்றைப் பற்றியவை. கடை நடத்துவோர் உள்ளாட்சியில் தொழில் உரிமம் பெறுகின்றனர். வீட்டில் வளர்த்து விற்பவர் பெரும்பாலும் எந்தத் தாளும் இல்லாமலே காலம் தள்ளுகிறார். தாள் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கு ரூ.3 லட்சம், நடுத்தர அலகுக்கு ரூ.8 லட்சம், இனப்பெருக்கமும் வளர்ப்பும் சேர்ந்த அலகுக்கு ரூ.25 லட்சம் என்று மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுத்தார்கள். இத்தகைய உதவி வரும்போது முதலில் பெறுகிறவர், தம் தொழிலைக் காகிதத்தில் காட்டக்கூடியவரே.

எதை விற்கக்கூடாது?

தனி உரிமம் கேட்கப்படவில்லை என்பதால் எதையும் விற்கலாம் என்று எண்ணிவிடக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மீன் தொட்டிக்கும் பொருந்தும். கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் அதன் பாதுகாப்பில் உள்ளன. நட்சத்திர ஆமையை வளர்ப்பதும் விற்பதும் குற்றம். மீன் கடையில் கேட்டுக் கிடைத்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆசிய அரோவானா பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இத்தகைய உயிர்களை வைத்திருப்பவர் அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. அவற்றை இனப்பெருக்கம் செய்ய தனி உரிமமும் தேவை. அரோவானா என்ற பெயரில் பல இனங்கள் விற்கப்படுவதால், வாங்குமுன் இனத்தை உறுதிசெய்து ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

தண்ணீரும் இடமும்

சட்டம் ஒரு பக்கம் இருக்க, தொழில் தெரியாமல் இறங்குபவர் முதல் மாதத்திலேயே கைப்பொருளை இழக்கிறார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் முழுவதும் திறந்த தொட்டியில் தேக்கி வைத்து, காற்றுக் குழாய் ஓட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டால், கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகியிராது. மீன் செத்து மிதக்கும். தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிறகு வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும்.

ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக உள்ள ஊரில் குட்டி போடும் மீன்களான கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை நன்றாக வரும். நியான் டெட்ரா போன்றவற்றுக்கு மென்மையான நீர் வேண்டும். ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம்.

மாடியின் பாரத்தையும் மறக்கக்கூடாது. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. தொட்டி, மணல், கல் ஆகியவற்றின் எடை இதற்கு மேல். சுவரும் உத்திரமும் தாங்கும் இடத்தில் பரவலாக வைக்க வேண்டும். விற்பனைக்காக மோட்டாரும் காற்று இயந்திரமும் ஓடுமானால், மின்சாரத்துக்கு எந்தக் கட்டண விகிதம் என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது பிற்பாடு வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

குஞ்சும் கணக்கும்

கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பத்துப் பெண் கப்பி மாதத்துக்கு 30 வீதம் குட்டி போட்டு, அதில் பாதி பிழைத்தாலும் 150 குஞ்சு. விற்கும் பருவம் வர மூன்று மாதம் என்றால், எந்த நேரமும் கையில் 450 மீன் இருக்கும். ஒன்றுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 900 லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்து மீனோடு தொடங்கியவருக்கு ஒரு டன் பாரம் சேர்ந்துவிடுகிறது. வாங்க ஆளைத் தேடாமல் குஞ்சு எடுப்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

சண்டை மீனில் ஆண்தான் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். முட்டை ஓரிரு நாளில் பொரியும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் நுண்ணுயிர் உணவும், பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சும் தர வேண்டும். ஆண் குஞ்சுகள் சண்டையிடத் தொடங்கும்போது ஒவ்வொன்றையும் தனிப் புட்டியில் பிரிக்க வேண்டும். நூறு ஆணுக்கு நூறு புட்டி, நூறு முறை தண்ணீர் மாற்றுவது. இந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பேசுவது வீண். தங்க மீன், தான் இட்ட முட்டையையே தின்றுவிடும். முட்டையிட்டதும் பெற்ற மீன்களை அகற்ற வேண்டும்.

சாக்கடை ஓரத்தில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவோடு நோயும் தொட்டிக்குள் வரும். வெளியிலிருந்து வாங்கும் மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் புகுந்தால் ஒரு வாரத்தில் வளர்ப்பு முழுவதும் போகக்கூடும். மீனை வெளியூருக்கு அனுப்புமுன் ஒரு நாள் இரை நிறுத்தி, இரட்டைப் பாலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் நிரப்பிக் கட்ட வேண்டும். உச்சி வெயிலில் ஏற்றக்கூடாது.

ஏரியில் விடுவது தர்மம் ஆகாது

விற்காத மீனையும், பெரிதாகிவிட்ட மீனையும் சிலர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றினோம் என்ற மனநிறைவு அவர்களுக்கு. ஆனால் தொட்டி துடைக்கும் மீன் என்று விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளரும். அது சென்னைப் பகுதி ஏரிகளிலும் ஆந்திரத்தின் கிருஷ்ணா நதியிலும் பெருகிவிட்டது. முள்ளும் தடித்த செதிலும் கொண்ட அது மீனவர் வலையைக் கிழிக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது. அதை வாங்குவாரும் இல்லை.

ஜிலேபிக் கெண்டையின் கதை ஊரறிந்தது. 1952இல் நாட்டுக்குள் வந்த அந்த மீன் இன்று பெரும்பாலான ஏரி குளங்களில் நிறைந்திருக்கிறது. ஒருமுறை பரவிய மீனைத் திரும்பப் பிடித்துத் தீர்ப்பது நடவாத காரியம். மீன் குத்தகைக்கு எடுத்த கூட்டுறவுச் சங்கத்தினரும், ஏரியை நம்பியுள்ள சிறு மீனவரும் இழப்பது, மாடித் தொட்டிக்காரர் அறியாமல் செய்த ஒரு காரியத்தால். வண்ண மீன் வளர்ப்பை ஒரு விவசாய விஷயமாகப் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

பதிவு ஒரு பக்கத் தாளாக இருந்தால் போதும். பெயர், முகவரி, தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவு, வளர்க்கும் மீன் இனங்கள், தொட்டி நீர் எங்கே வடிகிறது என்ற விவரம் இருக்க வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ மீனை விடமாட்டேன் என்ற உறுதிமொழியும் அதில் சேர வேண்டும். கட்டணம் பெயரளவுக்கு இருந்தால் போதும். குறிப்பிட்ட கொள்ளளவுக்கு உட்பட்ட வீட்டுக்கு நிபுணர் வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. அதைத் தாண்டினால் கடை விதி பொருந்தட்டும்.

இதற்குப் புது அலுவலகம் தேவையில்லை. மாவட்ட மீன்துறை அலுவலகங்கள் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் மீனவரும் மீன் வளர்ப்போரும் பதிவு செய்கின்றனர். வீட்டு வண்ண மீன் வளர்ப்பாளருக்கென்று அங்கே ஒரு தனிப் பிரிவு ஒதுக்கினால் அலைச்சல் குறையும். பதிவு செய்தவருக்கு ஒரு நாள் பயிற்சியும், விற்காத மீனைத் திரும்ப ஒப்படைக்க ஒரு தொட்டியும் மாவட்டந்தோறும் வேண்டும். ஏரியில் விடாதே என்று சொல்லும் அரசு, வேறெங்கே விடுவது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொரு தாள் வந்தால் இன்னொரு கைக்கூலி வரும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான ஐயம் அது. ஆனால் தாளே இல்லாதபோதுதான் மிரட்டுவது எளிது. எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்று அச்சிட்ட ஒரு பக்கம் கையில் இருந்தால், அதைக் காட்டிப் பேசலாம். 2017இல் விதி வந்தபோது சிறு வளர்ப்பாளர் எத்தனை பேர், எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று எடுத்துச் சொல்லப் பதிவேடு இருந்திருந்தால், அவர்களுக்கென்று தனி விதி கேட்பதும் எளிதாக இருந்திருக்கும்.

அரசு செய்யும்வரை வளர்ப்பாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தத் தாய் மீன் எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் குஞ்சு, எத்தனை செத்தது, யாருக்கு விற்றது என்று எழுதி வைக்கட்டும். ரசீது இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஒரு வட்டாரத்தில் பத்துப் பேர் சேர்ந்து குழுவாகப் பதிந்துகொண்டால் ஆக்சிஜன் உருளையும் ஆர்ட்டீமியாவும் மொத்தமாக மலிவில் கிடைக்கும். நாளைக்கு விதி வரும்போது அந்த நோட்டுப் புத்தகமே அவர்கள் பக்கத்துச் சாட்சியாக நிற்கும்.