வனக்குழுப் பயிற்சிக்குப் போனால் என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கிராம வனக்குழுவில் நானும் உறுப்பினர். போன வருடம் இரண்டு நாள் பயிற்சி என்று வேனில் கூட்டிப் போனார்கள். மண்டபத்தில் உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டோம், சாப்பிட்டோம், ஒரு பை கொடுத்தார்கள், வந்துவிட்டோம். இப்போது ஊருக்குக் கிழக்கே உள்ள காட்டை மூன்று வருடம் மூடப் போவதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு நிலம் கிடையாது. 10 ஆடுகள்தான் இருக்கின்றன, அதில்தான் பிள்ளைகளின் படிப்பே ஓடுகிறது. அடுத்த மாதம் மறுபடி பயிற்சி வைக்கிறார்கள். போவதா வேண்டாமா ஐயா? போனால் என்ன கேட்பது?

- ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அவசியம் போங்கள். தனியாகப் போகாமல், ஆடு வைத்திருக்கும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். நான் வேளாண் துறைக்காரன், வனத்துறைக்காரன் அல்ல. ஆனால் தீவனப்பயிர் பற்றிப் பேச இப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் பல தடவை போயிருக்கிறேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தீவனத்துக்கு நேரம் ஒதுக்குவார்கள். முன்வரிசையில் நிலம் உள்ளவர்கள் இருப்பார்கள். ஆட்டுக்காரர்கள் அந்த நேரம் ஆட்டோடு காட்டில் இருப்பார்கள். காட்டை மூடினால் முதலில் அடிபடுவது யாரோ, அவர்கள் இல்லாமலே பயிற்சி முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். உங்கள் 10 ஆட்டுக்கு 30 முதல் 40 கிலோ. வருடத்துக்கு 11 முதல் 15 டன் வரை வரும். மானாவாரி நிலத்தில் முயல் மசால் போட்டால், பயிர் நன்றாக ஊன்றிய பிறகு ஏக்கருக்கு 8 முதல் 10 டன் கிடைக்கும், அதுவும் மழை ஒத்துழைத்தால். அப்படியானால் ஒன்றரை ஏக்கராவது வேண்டும். நிலமே இல்லாத உங்களிடம் ‘கொட்டிலில் கட்டி வளருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அங்கே வாசியுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

காடு வளர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேலே காடு மொட்டையானால் கீழே கிணறு வற்றும், ஏரியில் மண் சேரும். கேள்வி எல்லாம், இழப்பை யார் தாங்குவது என்பதுதான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சண்டிகருக்குப் பக்கத்தில், அரியானாவில் உள்ள சுகோமாஜ்ரி கிராமம். 1970-களில் சண்டிகரின் சுக்னா ஏரி மண்ணால் தூர்ந்துகொண்டு வந்தது. எங்கிருந்து மண் வருகிறது என்று தேடியபோது, இந்த ஊருக்கு மேலே ஆடுமாடு மேய்ந்து மொட்டையான குன்றுகளில் போய் நின்றது. பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள நிபுணரும் அவருடைய சகாக்களும் அங்கே மண் அணை கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். தண்ணீர் நிலம் உள்ளவர்களுக்குத்தான் பாய்ந்தது. மற்றவர்கள் வழக்கம்போல ஆட்டைக் குன்றுக்கு ஓட்டினார்கள். அவர்களுக்கு என்ன லாபம், ஏன் நிறுத்த வேண்டும்? பிறகு நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று ஊர் கூடி முடிவு செய்தது. நிலம் இல்லாதவர் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம். அதன் பிறகுதான் குன்றில் மேய்ச்சல் நின்றது. வேலியும் போடவில்லை, காவலும் போடவில்லை. புல் வந்தது, ஆடு குறைந்து எருமை பெருகியது.

மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் அராபாரி என்ற இடத்தில் 1972-ல் தொடங்கியதும் இதே வழிதான். காத்துக் கொடுத்தால் விற்பனையில் 25 சதவீதம் ஊருக்கு என்று பேசினார்கள். அழிந்த சால் காடு மறுபடி தழைத்தது. இந்த அனுபவங்களைப் பார்த்துத்தான் 1990-ல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்குச் சுற்றறிக்கை விட்டது. நம் மாநிலத்தில் 1997-ல் ஜப்பான் நிதியுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது கிராம வனக்குழுக்கள் பரவலாக அமைக்கப்பட்டன.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. முழுக் காட்டையும் ஒரே நேரத்தில் மூடாமல், பகுதி பகுதியாகப் பிரித்து மூட முடியுமா? மூடிய பகுதியில் ஆட்டை விடாவிட்டாலும் புல்லைக் கையால் அறுத்துத் தலைச்சுமையாக எடுத்துவர ஆட்டுக்காரர்களுக்கு முதல் உரிமை உண்டா? இது மிக முக்கியம். ஆடு போகாத இடத்தில் ஒன்றிரண்டு மழைக்குள் புல் இடுப்பளவு வரும், அறுக்காமல் விட்டால் கோடையில் அதுவே தீக்கு விறகு. ஊர்ப் புறம்போக்கில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் முதலில் விதைத்து, ஒரு அறுப்பு எடுத்த பிறகு காட்டை மூடலாமா? குழுவில் கடன் கொடுக்கும் நிதி இருந்தால், அதில் ஆட்டுக்காரர்களுக்கு எவ்வளவு?

இதற்கெல்லாம் வாயால் வரும் பதில் போதாது. ‘மைக்ரோ பிளான்’ என்பார்களே, அந்த நுண்திட்டத்தில் எழுதப்பட வேண்டும். எழுதியதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். குழுவின் வங்கிப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் கேட்பதில் தப்பில்லை. பயிற்சி மண்டபத்தில் மட்டும் நடக்காமல், ஒரு நாளாவது மூடப்போகும் காட்டுக்குள் நடந்துபோய், எது மேய்ச்சல் தடம், எங்கே ஊற்று என்று நீங்கள் காட்டும்படி இருக்கட்டும்.

இன்னொன்று. வனக்குழு என்பது அரசாணையால் வந்தது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தருவது சட்ட உரிமை. பழங்குடியினரும், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாகக் காட்டில் வாழ்ந்து, காட்டை நம்பியும் வந்த மற்றவர்களும் மேய்ச்சல் உள்ளிட்ட உரிமைகளைக் கிராம சபை வழியாகக் கோரலாம். குழுவில் சேர்ந்ததால் அந்த உரிமை போய்விடாது. பயிற்சியில் யாராவது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், நிறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: வனக்குழுப் பயிற்சியில் கொடுத்த முயல் மசால் விதையை விதைத்தேன். பத்தில் ஒன்றுதான் முளைத்தது. விதை பழுதா?

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. இதன் விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. விதையைத் துணியில் முடிந்து, 80 டிகிரி சூட்டில், அதாவது கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில், 4 முதல் 5 நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். அமிலத்தில் நனைக்கும் முறையும் உண்டு, வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். வரிசை விதைப்புக்குக் குறைந்த விதை போதும், தூவுவதானால் கூடுதலாக வேண்டும். விதை மிகச் சிறியது, ஆழமாக மூடாதீர்கள். சுமார் 75 நாளில் பூக்கும்போது முதல் அறுப்பு. முதல் வருடம் ஆட்டை உள்ளே விடாமல் அறுத்துப் போடுங்கள். அடுத்த வருடம் கீழே கொட்டிய விதையிலிருந்தும் செடி வரும்.