முகூர்த்த மாதமும் தேடல் பட்டியலும்

ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம். இங்கேதான் தாலி கட்டுவது என்று வேண்டிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வருகிறார்கள். கல்யாணம் கோயிலில் முடிந்துவிடும். பந்தி, வரவேற்பு, சொந்தங்கள் தங்குவது எல்லாம் சுற்றியுள்ள மண்டபங்களிலும் லாட்ஜுகளிலும். முன்பெல்லாம் தாய்மாமனோ சித்தப்பாவோ நேரில் வந்து மண்டபம் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ராத்திரி பத்து மணிக்குச் செல்போனில் தேடுகிறாள். அவள் கண்ணில் படாத மண்டபம் அவளைப் பொறுத்தவரை இந்த ஊரிலேயே இல்லை.

மண்டபம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். “நமக்கும் சைட்டு இருக்குண்ணே, ஒரு தம்பி போட்டுக் கொடுத்துச்சு” என்றார். அதை யார் பார்க்கிறார்கள், என்ன தேடி வருகிறார்கள் என்று கேட்டேன். அது தம்பிக்குத்தான் தெரியும் என்றார். தம்பிக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. 2006-ல் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் கூகுள் கொடுத்த வசதி, 2015 முதல் சர்ச் கன்சோல் என்று வழங்குகிறது. தளம் நம்முடையதுதான் என்று ஒருமுறை நிரூபித்துவிட்டால் போதும். என்ன வார்த்தை போட்டுத் தேடியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், பட்டியலில் சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தோம் என்பதெல்லாம் கண்முன்னே வந்துவிடும். மைக்ரோசாப்டின் பிங்கும் இதே போன்ற கருவியை இலவசமாகவே தருகிறது.

நண்பரின் தளத்தை இணைத்துச் சில வாரங்கள் கழித்துப் பட்டியலைத் திறந்தோம். எனக்கு அது ஒரு கணக்கு நோட்டாகத் தெரியவில்லை. வாசலில் நின்று ஜனங்கள் கேட்கும் கேள்வியாகத்தான் தெரிந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் மண்டபம், நூறு பேருக்குச் சின்ன ஹால், வேன் நிறுத்த இடம், ரூம் வாடகை. தளத்திலோ முகப்பில் ‘பாரம்பரியமிக்க சேவை’ என்ற வாசகமும் ஒரு ட்ரோன் வீடியோவும்தான். கோயிலிலிருந்து எவ்வளவு தூரம், ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று ஒரு வரி கிடையாது. போன் நம்பர்கூட ஒரு படத்துக்குள் இருந்தது. படத்தில் இருக்கும் நம்பரை விரலால் தட்டினால் கால் போகாது. பலமுறை காட்டப்பட்டும் கிளிக் ஏன் விழவில்லை என்று அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக அடிக்கிறார்கள். அந்த வித்தியாசங்களைக் கூகுள் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். ஆனால் தமிழில் தேடுகிறவர்களும் பட்டியலில் இருந்தார்கள், தளத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தமிழர் தமிழருக்கு நடத்தும் தொழிலில் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

எழுத வேண்டியதை எழுதினோம். பக்கம் திறப்பதைத் தாமதமாக்கும் வீடியோவை முகப்பிலிருந்து எடுத்தோம். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இன்னொரு இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று சொல்லிவிடும். முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

பலன் தெரிந்ததா என்று பார்ப்பதில் ஒரு நிதானம் வேண்டும். ஆடியில் கிளிக் குறைந்துவிட்டதே என்று பதறக் கூடாது; ஆடியில் யார் மண்டபம் தேடப்போகிறார்கள்? சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். ஆகவே இந்தத் தையைப் போன தையோடு ஒப்பிடலாம். நம் தொழிலுக்கு அதுதான் சரியான கணக்கு.

இன்னொன்றும் உண்டு. கவனிப்பாரற்ற தளங்களுக்குள் விஷமிகள் புகுந்து ஜப்பானிய மொழியில் போலிச் சரக்கு விற்கும் பக்கங்களைக் கொட்டிவிட்டுப் போவது உலகெங்கும் நடக்கிறது. முகப்பு வழக்கம்போல இருப்பதால் உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. கூகுள் அதைக் கண்டுபிடித்தால் சர்ச் கன்சோலில் பதிந்த மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை அனுப்பும். அந்த மின்னஞ்சல் யாருடையது என்பதுதான் கேள்வி.

நம் ஊர்க் கடைக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். தளத்தின் பெயரும் கணக்கும் செய்து கொடுத்தவர் பெயரிலேயே இருக்கின்றன. அவர் வேலை மாறிப் போனால் எல்லாம் அவரோடு போய்விடும். இலவசத் தளத்தையும் நம்பியிருக்க முடியாது. சிறு வியாபாரிகள் செல்போனிலேயே செய்துகொள்ளலாம் என்று 2017-ல் இலவசத் தளங்களைக் கொடுத்த கூகுளே 2024 மார்ச்சில் அவற்றை மூடிவிட்டது. இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஆனால் தளத்தின் முகவரி, அதாவது டொமைன், காசு கொடுத்து உங்கள் பெயரில் வாங்கியதாக இருக்கட்டும். மாதாமாதம் பணம் கட்டினால் முதல் இடத்தில் நிறுத்துகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அப்படி எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

மண்டபமோ லாட்ஜோ பூக்கடையோ, தளம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த வாரமே அதைச் செய்து கொடுத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளராக உங்கள் சொந்த மின்னஞ்சலைச் சேர்க்கச் சொல்லுங்கள். அமைப்புகள் பகுதியில் சில நிமிட வேலைதான்.